கண்மாயும் கடலும்: இராமநாதபுரத்தில் கழுகு, பருந்து படமெடுக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்கழி பாதி தாண்டினாலே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். பொங்கலுக்கு நாலு நாள் லீவு, கேமரா இருக்கிறது, இராமநாதபுரம் பக்கம் வரலாமா என்று கேட்பார்கள். முதலில் அண்ணன் தம்பி நண்பர்கள் கேட்டார்கள், அப்புறம் அவர்களுடைய நண்பர்கள். ஒரே சந்தேகங்களுக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

தனுஷ்கோடிக்கு எல்லாரும் பூநாரை பாக்கத்தானே போறாங்க? அங்க கழுகு, பருந்துன்னு அப்படி என்ன இருக்கு?

பூநாரை வருகிற இடத்துக்குத்தான் மற்றதும் வரும். குளிர்காலத்தில் இந்தக் கரைக்கு உள்ளான்கள், ஊசிவால் வாத்து, கிளுவை என்று கூட்டம் கூட்டமாக வலசை வருகின்றன. இவ்வளவு இரை ஓரிடத்தில் கூடினால் அதைத் தின்பவை சும்மா இருக்குமா? விராலடிப்பான், சேற்றுப் பூனைப்பருந்து, பைரி ஆகியவை வடக்கிலிருந்து இவற்றின் பின்னாலேயே வந்துவிடும். செம்பருந்து, கரும்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு, வல்லூறு, கருந்தோள் பருந்து ஆகியவற்றை ஆண்டு முழுவதும் இங்கே பார்க்கலாம்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. காலையில் கண்மாய்க் கரையில் நன்னீர்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு மாலையில் கடற்கரைக்குப் போய்விடலாம். இரண்டு உலகங்களுக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். இதற்காகவே திரும்பத் திரும்ப வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

பருந்து, கழுகு, வல்லூறு எல்லாம் ஒண்ணுதானே? நாங்க எல்லாத்தையும் கழுகுன்னுதான் சொல்லுவோம்.

சொல்லிக்கொள்ளுங்கள், பறவை கோபித்துக்கொள்ளாது. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே நிற்பது என்று தெரியும். கழுகு பெரியது, அகன்ற சிறகு, கனத்த அலகு. பருந்து நடுத்தர அளவு, காற்றில் மிதந்தே பொழுதைக் கழிக்கும். வல்லூறு சின்னது, மரத்துக்குள் பதுங்கி ஓணானையும் சிட்டையும் அடிக்கும். பைரி தனி இனம். கூர்மையான சிறகுடன் மேலிருந்து பாய்ந்தால் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ஊர்ப்பேச்சில் எல்லா எல்லையும் கலந்துவிடும் என்பதால் ஊர்க்காரர் ‘கழுகு’ என்றால் எவ்வளவு பெரிசு, என்ன நிறம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் வரலாம்? கோடை லீவுல வந்தா ஆகாதா?

வடகிழக்குப் பருவமழைதான் இந்த மாவட்டத்தின் உயிர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்து, வைகையிலும் தண்ணீர் திறந்துவிட்டால் கண்மாய்கள் நிறையும். மார்கழி கடைசி முதல் மாசி வரை தண்ணீரும் இருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். என் கணக்கில் ஜனவரிதான் முதலிடம். பங்குனிக்கு மேல் கண்மாய்கள் வற்றத் தொடங்கும், வந்த விருந்தாளிகளும் கிளம்பிவிடுவார்கள்.

கோடையில் செம்பருந்தும் கடற்கழுகும் கிடைக்கும்தான். ஆனால் பத்து மணிக்கு மேல் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மழை பொய்த்த ஆண்டில் கண்மாயை நம்பி வராதீர்கள். கிளம்புவதற்கு முன் இங்கே யாரிடமாவது தண்ணீர் நிற்கிறதா என்று கேளுங்கள்.

பொங்கல் லீவு நாலு நாளையும் எப்படிப் பிரிக்கிறது?

இராமநாதபுரத்திலேயே தங்குங்கள். இராமேசுவரம் அங்கிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பறவைச் சரணாலயக் கண்மாய்கள் மறுபக்கம். நடுவில் இருந்தால் இரண்டுக்கும் வசதி.

முதல் நாள் சக்கரக்கோட்டைக் கண்மாய். நகரத்தை ஒட்டியே இருக்கிறது, பயணக் களைப்போடு தூரம் ஓட வேண்டாம். நயினார்கோவில் பக்கமுள்ள தேர்த்தங்கலும் இதுவும் 2025இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. இரண்டாம் நாள் முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். இவை 2022இலேயே ராம்சர் தலங்கள் ஆயின. நேரம் இருந்தால் அப்படியே சாயல்குடிப் பக்கம் இறங்கி மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர். மூன்றாம் நாள் முழுவதும் தனுஷ்கோடிக்கு. நாலாம் நாளை எங்கே நல்ல படம் கிடைத்ததோ அந்த இடத்துக்கே விட்டுவிடுங்கள். பட்டியலை முடிக்கிறேன் என்று ஐந்தாவது, ஆறாவது கண்மாய்க்கு ஓடுகிறவர்களுக்குக் கார் ஜன்னல் படம்தான் மிஞ்சும்.

காணும் பொங்கலன்று தனுஷ்கோடிப் பக்கமே போகாதீர்கள். கூட்டத்தில் பறவையைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். தை அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்றும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று இராமேசுவரத்தில் தீர்த்தமாட வருகிற கூட்டத்தில் உங்கள் வண்டி நகராது.

இன்னொன்று. பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எண்ணி இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். எப்படியும் நிற்கத்தானே போகிறீர்கள்.

பர்மிஷன் வாங்கணுமா?

கண்மாய்க் கரையில் நின்று கையில் பிடித்த கேமராவில் எடுப்பதற்கு இதுவரை என்னை யாரும் தடுத்ததில்லை. ஆனாலும் சரணாலயக் கண்மாய்களில் வனத்துறை ஊழியர் இருந்தால் முதலில் போய்ப் பேசிவிடுங்கள். கரையை விட்டுத் தண்ணீருக்குள் இறங்குவது, மரத்தில் ஏறுவது, கூடாரம் அடிப்பது எல்லாம் அனுமதி இல்லாமல் கூடாது.

தனுஷ்கோடியில் சோதனைச் சாவடி உண்டு. இரவில் அங்கே தங்க முடியாது, மாலையானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தி வெளிச்சப் படம் வேண்டும் என்பவர்கள் சாவடிக்கு இப்பால் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

என்கிட்ட 70-300 லென்ஸ்தான் இருக்கு. போதுமா, வாடகைக்கு எடுக்கவா?

மீன் இறங்குதளங்களின் மேலே சுற்றும் செம்பருந்துக்கு 300 தாராளம். பாம்பன், மண்டபம் பக்கம் படகு கரைக்கு வரும் நேரத்தில் தலைக்கு மேலேயே வட்டமடிக்கும். பூனைப்பருந்துக்கும் விராலடிப்பானுக்கும் 500, 600 வரை இழுக்கும் ஜூம் வேண்டும். வாடகைக்கு எடுப்பதானால் ஒரு வாரம் முன்பே எடுத்து உங்கள் ஊர்க் காக்காய்களை வைத்துப் பழகிவிட்டு வாருங்கள். புது லென்ஸை முதன்முதலாகப் பைரிமேல் சோதித்துப் பார்த்த நண்பர் ஒருவரிடம் நாற்பது வெறும் வானப் படங்கள் இருக்கின்றன.

காலையில எடுக்கிற படம் பளிச்னு வருது, சாயங்காலம் எடுத்தா பறவையோட முதுகுதான் வருது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். பறவை எழும்போதும் இறங்கும்போதும் ஓரிடத்தில் நின்று சிறகடிக்கும்போதும் காற்றுக்கு எதிராகவே முகம் வைக்கும். ஜனவரியில் இங்கே வீசுவது வாடைக் காற்று, வடகிழக்கிலிருந்து வரும். அதனால் பறவையின் முகமும் பெரும்பாலும் வடகிழக்கைப் பார்த்தே இருக்கும். காலைச் சூரியனும் கிழக்குப் பக்கம்தான், தை மாதத்தில் சற்றுத் தெற்கே சாய்ந்து. ஆகவே காலையில் காற்றும் வெளிச்சமும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் பறவை முகம் முழுக்க வெளிச்சத்தோடு உங்களை நோக்கி வரும்.

மாலையில் சூரியன் மேற்கே போய்விடும். காற்று மாறாது. வெளிச்சம் உங்கள் முதுகில் இருக்கும்படி நின்றால் பறவை உங்களுக்கு முதுகைக் காட்டும். முகம் தெரியும்படி நின்றால் எதிர்வெளிச்சம். இதற்கு வழி கிடையாது. மாலையை நிழலுருவப் படங்களுக்கும், அடையப் போகும் கூட்டங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியில் இன்னொரு கணக்கும் உண்டு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குச் சாலை தென்கிழக்காகப் போகிறது. விடியலில் சூரியனை நோக்கியே ஓட்டுவீர்கள். அப்போது எடுக்காதீர்கள். முனை வரை நேரே போய்விட்டு, திரும்பி வரும்போது நின்று நின்று எடுங்கள். ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண்கடல். வேட்டையெல்லாம் பெரும்பாலும் பெண்கடல் பக்கத்துச் சேற்று வெளியில்தான்.

விராலடிப்பான் தண்ணிக்குள்ள பாய்ற படம் வேணும். எங்க நிக்கணும், எப்படி எடுக்கணும்?

பெயரிலேயே வேலை இருக்கிறது பாருங்கள், விராலை அடிப்பவன். கண்மாயில் விரால், கெண்டை. கடலோரத்தில் மடவை. மேலே முதுகு பழுப்பு, அடி வெள்ளை, கண்ணோடு ஒரு கறுப்புப் பட்டை. பறக்கும்போது சிறகு மணிக்கட்டில் மடங்கித் தெரியும். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றால் அடுத்த நொடி பாயலாம், அல்லது மனம் மாறி நகர்ந்துவிடலாம். பத்து தடவை நின்றால் ஒரு தடவை பாயும் என்கிற பொறுமையோடு இருங்கள்.

பாயும்போது கால்களை முன்னே நீட்டித்தான் விழும். வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ள முடியும் என்பதால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரலாக மீனைப் பற்றும். உள்ளங்காலில் முள் போன்ற சொரசொரப்பு வேறு. வழுக்கும் மீன் நழுவ வழியில்லை. ஷட்டர் வேகம் 1/3200 அல்லது அதற்கு மேல் வையுங்கள். வெள்ளை வயிறு வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாய்ச்சலை எடுத்ததும் கேமராவை இறக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். இறக்காதீர்கள். மேலே எழுந்து சிறிது தூரம் போனதும் நாய் உதறுவது போல் ஆகாயத்திலேயே உடம்பை உதறித் தண்ணீரைச் சிதறடிக்கும். அப்புறம் மீனின் தலை முன்னே வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். காற்று தடுக்காமல் இருக்கத்தான். போய் உட்காருவது மொட்டைப் பனையிலோ, வலை கட்ட நட்ட கம்பிலோ. காலையில் எந்தக் கம்பின் அடியில் மீன் செதிலும் எச்சமும் கிடக்கிறது என்று பார்த்து வைத்தால், எங்கே நிற்பது என்ற கேள்விக்கே இடமில்லை. வழியில் செம்பருந்தோ கடற்கழுகோ மீனைப் பிடுங்க விரட்டினால் உங்கள் அதிர்ஷ்டம்.

பழுப்பா ஒண்ணு எடுத்தேன், பேர் தெரியல. போட்டோ அனுப்பவா?

அனுப்புங்கள், ஆனால் அதற்கு முன் வாலைப் பாருங்கள். வால் நடுவில் பிளந்திருந்தால் கரும்பருந்து. வட்டமாக இருந்தால் இளம் செம்பருந்து. குஞ்சுப் பருவத்தில் அதற்குச் செம்மையும் வெள்ளையும் இருக்காது, எல்லாரையும் ஏமாற்றும். வால் ஆப்பு மாதிரி, உடல் பெரியதாக இருந்தால் இளம் கடற்கழுகு. அது முழு வெள்ளையும் சாம்பலும் அடைய நாலைந்து ஆண்டுகள் ஆகும்.

சிறகை மேலே தூக்கி, கோரைக்கு மேல் தாழத் தாழ மிதந்துபோனால் சேற்றுப் பூனைப்பருந்து. பெண்ணுக்குத் தலை வெளிர் மஞ்சள். எலிக்குப் பூனை பதுங்குவது போல் போவதால் அந்தப் பெயர் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

லென்ஸ் நல்ல லென்ஸ்தான், ஆனா தூரத்துப் படமெல்லாம் கலங்கலா வருது. ரிப்பேரா?

மணி என்ன என்று பாருங்கள். ஒன்பதரைக்கு மேல் உப்பு மண்ணும் தார்ச்சாலையும் சூடாகிக் கானல் எழும். அந்தக் காற்றுக்குள் 600இல் எடுத்தால் எந்த லென்ஸும் கலங்கும். கிட்டே வருவதை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் போய்ச் சாப்பிடுங்கள். இன்னொரு காரணம், காருக்குள் ஏசியைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக எடுப்பது. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் ஜன்னலில் கலக்கும் இடத்தில்தான் உங்கள் லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் மீன் வாங்கி வீசினா பருந்து கிட்ட வருமாமே? வேற ஊர்ல அப்படித்தான் எடுக்கிறாங்க.

வரும். செம்பருந்து காலடிக்கே வரும். நான் அந்தப் படத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன், பறவை கீழே பார்க்கும் கோணமே வேறு. சாலையோரம் வீசிப் பழக்கினால் நாளைக்கு அது வண்டியில் அடிபடும். வலையும் தூண்டிலும் கிடக்கிற கரையில் மனிதனை நம்பும் பருந்து நெடுநாள் இருக்காது. மீனவர்கள் வலை உதறும்போது தானாக வருகிறதை எடுங்கள், அதில் குற்றமில்லை. உதறுகிற அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

போட்ல தீவுக்குப் போய் கடற்கழுகு எடுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். போலாமா?

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. யாரோ ஒருவர் காசுக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் போகாதீர்கள். மாட்டினால் படகுக்காரரின் பிழைப்பும் போகும். படகில்தான் போவேன் என்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். படகு ஆடும் என்பதால் மேலே சொன்ன ஷட்டர் வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் கொண்டு வரலாமா?

வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. அதன் பெயரே ஐஎன்எஸ் பருந்து. அந்தப் பருந்தின் வானத்தில் உங்கள் ட்ரோன் ஏறினால் விசாரணை வேறு மாதிரி இருக்கும். அது இல்லாவிட்டாலும் ட்ரோன் எழுந்தால் கண்மாயே காலியாகிவிடும்.

பிணந்தின்னிக் கழுகு கிடைக்குமா?

இந்தக் கரையை நம்பி அதற்காக வராதீர்கள். பாறு என்பதும் பிணந்தின்னிக் கழுகுதான். பாறுகளுக்கு இன்று தமிழ்நாட்டில் முக்கியப் புகலிடம் நீலகிரி மலையடியில் உள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

கடற்கழுகு கூடு ஒண்ணைப் பார்த்தேன். லொக்கேஷன் போட்டா எல்லாருக்கும் உதவும்ல?

உதவாது. நீங்கள் வரும் இதே மாதங்களில்தான் கடற்கழுகும் செம்பருந்தும் இங்கே கூடு கட்டுகின்றன. கூட்டுக்கு அடியில் ஆள் நின்றால் தாய் எழுந்துபோகும். அந்த இடைவெளியில் காக்காய்க்கு முட்டை, வெயிலுக்குக் குஞ்சு. தாய் கத்திக்கொண்டு உங்கள் தலைக்கு மேல் சுற்றினால் ‘நல்ல ஃபிளைட் ஷாட்’ என்று நினைக்காதீர்கள், போ என்று சொல்கிறது. ஒரு படத்தோடு விலகுங்கள். ஊர்ப் பெயரையும் போடாதீர்கள், படத்தோடு ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள்.

கேமராவுக்கு உப்புக் காத்து ஒண்ணும் பண்ணாதுல்ல?

பண்ணும். ஒரு முறை தனுஷ்கோடியிலிருந்து திரும்பி அசதியில் பையோடு வைத்துவிட்டு மூன்றாம் நாள்தான் திறந்தேன். ஜூம் வளையம் நறநறவென்றது. புது லென்ஸ் விலையில் கால்வாசியைச் சரிபார்க்கக் கொடுத்தேன். அன்றன்றைக்கு இரவே, முதலில் ஊதி மணலை நீக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

கேமராவோடு டயரையும் கவனியுங்கள். கண்மாய்க் கரையெல்லாம் சீமைக் கருவேல முள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

ரெண்டு நாளா சுத்துறோம், உருப்படியா ஒண்ணும் கிடைக்கல. எங்கதான் இருக்கு?

‘சுத்துறோம்’ என்பதிலேயே பதில் இருக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள், இவை இரையின் பின்னால் வந்தவை. வானத்தைத் துழாவுவதை விட்டுவிட்டு இரையைக் கவனியுங்கள். கண்மாயில் பரவி மேய்ந்த நாமக்கோழிகள் திடீரென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புப் பாய் மாதிரி ஆகிவிட்டால் மேலே பூனைப்பருந்தோ கழுகோ வந்துவிட்டது. சேற்று வெளியில் உள்ளான் கூட்டம் முழுதும் ஒரே வீச்சாக எழுந்து, ஒரு கணம் வெள்ளை ஒரு கணம் பழுப்பு என்று திரும்பித் திரும்பிப் பறந்தால் பைரி எங்கோ இருக்கிறது. அப்போது கேமராவைத் தூக்கினால் போதும்.

ஒரு கரையில் மூன்று மணி நேரம் உட்காருங்கள். கண்மாய்க்குள் ஆடு மேய்க்கிற பெரியவர் வந்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரங்குடியில் நான் அரை நாள் ஒன்றும் கிடைக்காமல் இருந்தபோது ஒருவர் வந்து, “அங்க என்ன தம்பி பாக்குற? அது தெனம் நாலு மணிக்கு அந்த மொட்டப் பனைக்குத்தான் வரும்” என்றார். நாலேகாலுக்கு வந்தது.